நீவெஸின் சொந்தக் குரல்

எர்ஸிலியா வாயைத் திறந்தால் போதும், ரோமின் கார்பத்தெல்லா பேட்டையே திரும்பிப் பார்க்கும். இருபது வருடமாக ரோம் சினிமாவின் அழகிகளுக்கெல்லாம் குரல் கொடுத்தவள். கறிக்கடை ஒதெல்லோ அதை வைத்துக் கேலி பண்ணாமல் விடமாட்டான்.

"நேத்துதான் படத்துல கத்திக்குத்து பட்டுச் செத்தீங்க, சிஞோரா. இன்னைக்கு அரைக் கிலோ ஈரல் யாருக்கு?"

"செத்தவளுக்கும் பசிக்கும், போடுடா."

அந்தக் காலத்து ரோம் படங்களில் நடிக்கும்போது குரலைப் பதிவதில்லை. பின்னால்தான் சேர்ப்பார்கள். அதனால் நடிகைகள் வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே அழுவார்கள்.

அந்த வருடம் கட்டிலும் கத்தியுமாக ஒரு படம். கதாநாயகி நீவெஸ், வடக்கே மலைக் கிராமத்துப் பெண். கடைசிக் காட்சிக்குக் குரல் சேர்க்கும் நாளில் அவளே வந்து நின்றாள்.

"இதுல நான் எண்ணல, சிஞோரா. வசனத்தைத்தான் சொன்னேன். டைரக்டர் உங்க வசனத் தாள்ல அதை அடிச்சுட்டு 'முனகல்'னு எழுதிட்டார். தயவுசெஞ்சு முனகாதீங்க."

இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று என்று எர்ஸிலியா நினைத்தாள். விளக்கு அணைந்தது. திரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நீவெஸ். எதிரே கத்தியோடு காதலன். உதடுகளைப் படிப்பதுதான் எர்ஸிலியாவின் பிழைப்பு. தெளிவாகப் படித்தாள்: 'குத்துறதுன்னா குத்து. ஆனா என் முகத்தைப் பாத்துக்கிட்டுக் குத்து.'

முனகல் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இதுவரை எத்தனை பெண்களின் பேச்சை முனகி மூடியிருக்கிறோமோ!

"தொண்டை கட்டிக்கிச்சு. இவளே பேசட்டும்" என்று மைக்கை விட்டு விலகினாள்.

"மலைநாட்டுப் பேச்சு! தியேட்டரே சிரிக்கும்" என்று குதித்தார் டைரக்டர் கஸ்தால்தி.

"சிரிச்சா சிரிக்கட்டும். முடியாதுன்னா நான் இதுவரை பேசினதையும் எடுத்துட்டு முழுப் படத்துக்கும் வேற ஆளைப் பாருங்க."

படம் வெளியாக நான்கே நாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

கடைசிக் காட்சியில் குரல் மாறிவிட்டது, கவனக்குறைவு என்று பத்திரிகை எழுதியது. கஸ்தால்தி அதன்பின் எர்ஸிலியாவைக் கூப்பிடவே இல்லை.

படம் வெளியான வாரம் சனிக்கிழமை ஒதெல்லோ கேலி எதுவும் பேசாமல் ஈரலை நிறுத்தான்.

"கடைசியில பேசினது நீங்க இல்லையே?"

"இல்லை. அந்தப் பொண்ணேதான்."

"அதான பாத்தேன். நீங்க நூறு தடவை செத்திருக்கீங்க, நான் பூசணி விதை கொறிச்சுக்கிட்டே பாத்திருக்கேன். அன்னைக்குக் கொறிக்க முடியலை, சிஞோரா."

எர்ஸிலியாவுக்குச் சுருக்கென்றது. மறுகணமே மனம் நிறைந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "அவ பேரு நீவெஸ்" என்றாள்.