எட்டுச் சொட்டுச் சிவப்பு

"ஈரத்துல நிறம் பொய் சொல்லும்" என்றபடி, பிளைவுட் துண்டில் இரண்டாவது பூச்சையும் இழுத்துவிட்டு ஜன்னலோரம் சாய்த்து வைக்கிறார் அக்கா. காய்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு, பெயிண்ட் அடிக்கப்போகும் வீடு முழுக்க நடப்பார். தரையோரம் ஒருமுறை, கதவை ஒட்டி ஒருமுறை, திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒருமுறை. ஆளுக்கு ஆள் அறிமுகம் செய்துவைப்பவர் போல. பிறகு விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு.

இத்தனைக்கும் நிறத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. பெயிண்டர் கோஷ்டியில் பதினேழு வருடமாகச் சித்தாள். பட்டி பார்த்த சுவரை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் வேலை. கோஷ்டியில் அவர் பெயரே உப்புத்தாள். இமையிலும் மூக்கிலும் வெள்ளைத் தூள். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துவிட்டது. கைரேகை இயந்திரம் எதுவும் அவரை ஏற்பதில்லை. "மெஷினுக்கே நான் யாருன்னு தெரியல, மேஸ்திரிக்கா தெரியப்போகுது?"

பிரஷ் ஆண்களுக்கு மட்டும். ஏன் என்றால், "பொம்பள ஏணியில ஏறினா நல்லாவா இருக்கும்?" என்பார் மேஸ்திரி. கல் சுமந்து சாரம் ஏறும் பெண்ணை எந்த மேஸ்திரியும் தடுத்து நான் பார்த்ததில்லை. கூலி உயரும் ஏணி மட்டும்தான் பெண்ணுக்கு ஆகாது போலிருக்கிறது.

முடிந்த வீடுகளின் துண்டுகளை அக்கா எறிவதில்லை. மூலையில் துளையிட்டுக் கம்பியில் கோத்துப் பையிலேயே வைத்திருக்கிறார். "இது டாக்டரம்மா வீட்டு மாடி. இது புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டு மூணு தடவை மாத்தின பெட்ரூம்."

நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தைப் போன மாதம் புதுப்பித்தார்கள். டிசைனர் கைப்பேசித் திரையைப் பார்த்து ஹாலுக்கு வெளிர்சாம்பல் நிறம் சொன்னார். தரையில் ஏற்கெனவே பச்சை டைல்ஸ். கதவில் முகம் பார்க்கலாம், அத்தனை மினுமினுப்பு. ஒரு கோட் அடித்த மறுநாள் பகலில் ஹால் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. வீட்டுக்காரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டிசைனர் மேஸ்திரியைச் சொன்னார். மேஸ்திரி பெயிண்ட் கடைக்காரரைச் சொன்னார். கடைக்காரர் அங்கே இல்லாததால் பழி அவரோடு நின்றது.

"சுவத்துல ஒண்ணும் இல்லம்மா. தரையோட பச்சை மேல ஏறியிருக்கு" என்றார் அக்கா. யாரும் காதில் வாங்கவில்லை. தூசிக்கு விரிக்கும் வெள்ளைத் துணியைத் தரை முழுக்க விரித்தார். சுவர் சாம்பலுக்குத் திரும்பியது. துணியைச் சுருட்டினார், பச்சை ஏறியது. வாதம் முடிந்தது.

மேஸ்திரி அவரைத் தனியே அழைத்தார். "சரி பண்ணிடுவியா?"

"பண்ணினா?"

"அடுத்த வீட்டு ஹால் உனக்கு. பிரஷ்ஷை உன் கையில குடுக்கறேன், போதுமா?"

அக்கா தலையாட்டிவிட்டு, பையிலிருந்து புதுப் பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்தார்.

லிட்டருக்கு எட்டுச் சொட்டுச் சிவப்பு. ஆறு சொட்டில் பச்சை மிச்சமிருந்தது, பத்தில், "சுவத்துக்குக் காய்ச்சல் வந்துருச்சு." கதவைப் பார்த்து, "இது கத்துது. இதோட வாயை மூடினாத்தான் மத்தது பேசும்" என்று மினுமினுப்பைத் தேய்த்து எடுத்து, மங்கலான பாலிஷ் போடவைத்தார். தரையும் சுவரும் கதவும் ஒரே வீட்டைச் சேர்ந்தவையாயின.

நேற்று ஹாலைப் படமெடுக்கப் புகைப்படக்காரர் வந்திருந்தார். "விடியக்காலைப் பனியை மனசுல வச்சுப் பண்ணேன்" என்று டிசைனர் விளக்கிக்கொண்டிருந்தார். "தம்பிக்கு என்னா கண்ணு!" என்றார் வீட்டுக்காரம்மா. அக்கா வெளியே நின்று ஜன்னல் கம்பியில் சிந்திய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணே, அடுத்த வீட்டு ஹாலு?"

"அங்க நாலு ரூம் பட்டி கிடக்கு. உன்னை விட்டா தேய்க்க யாரு இருக்கா?"

"பிரஷ்ஷுன்னீங்க."

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் புடிச்சுக்கிட்டு!"

உள்ளேயிருந்து புகைப்படக்காரர் குரல் கொடுத்தார். "அக்கா, உங்க நிழல் சுவத்துல விழுது. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டார்.

டிசைனர் வெளியே வந்தார். "டின்னு காலியாமேக்கா? அடுத்த பார்ட்டியும் இதே கலர்தான் கேக்கறாங்க. அந்தத் துண்டைக் குடுங்க. பெயிண்ட் கடை மெஷின்ல வச்சா கலரோட நம்பர் வந்துரும்."

"இருங்க தம்பி, சுத்தம் பண்ணித் தரேன்."

அக்கா படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து கம்பியை எடுத்து, கடைசியாகக் கோத்த துண்டைக் கழற்றி மடியில் வைத்தார். முரட்டு உப்புத்தாள் ஒன்றை நாலாக மடித்துத் தேய்த்தார். சாம்பல் தூள் மடியில் உதிர்ந்தது. வெறும் மரம் தெரிந்ததும் வாயால் ஒருமுறை ஊதிவிட்டு, எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை டிசைனரிடம் நீட்டினார்.