சாட்சி சொன்ன பிறகு

அக்கா அன்று மைக்கைப் பிடித்திருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பசாரில் கத்தரிக்காயின் காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி இரண்டு விரலால் பிடித்திருந்தாள். உலு திராமில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் சபை. ஸ்தோத்திர ஆராதனை நடந்துகொண்டிருக்க, கீழே யாரோ ஒரு சீனர் லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து அக்கா சொன்னாள்: "கர்த்தர் என்னை முழுசா சுகமாக்கிட்டாருங்க. ஒண்ணுமே இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு." சபை முழுவதும் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்னது அதுவல்ல. அவர் சொல்லும்போது அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அத்தான் பொழுது விடியுமுன்னே மோட்டாரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். ஆகவே ஆஸ்பத்திரி நடை எல்லாம் என் தலையில் விழுந்தது. மார்பில் இருந்த கட்டியை எடுத்து, மருந்தேற்றி, முடி கொட்டி, மறுபடியும் முளைத்த பிறகு, இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார் அந்த டாக்டர். அக்காவும் தலையாட்டினாள். சபையில் நின்றபோது அந்த "இப்போதைக்கு" காணாமல் போயிருந்தது. தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக என் வேலையே பழுதான சாமானைப் பொறுக்கித் தனியே போடுவதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வேலையைச் செய்யவில்லை. சந்தோஷமாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்டரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் மனுஷியே இல்லை. மருந்தேற்றிய நாட்களில் அக்கா வாந்தியெடுத்த வாளியைக் கழுவிக் கவிழ்த்தவர் அவர். யாருக்கு அடையாள அட்டை பிரச்சினையோ அவர்களோடு அரசாங்க ஆபீஸ் வரிசையில் பாதி நாள் நிற்பார். சபை வேனை அவரே ஓட்டுவார், ஹார்ன் அடிக்க மட்டும் வெட்கப்படுவார். மருந்தை நிறுத்து, ஜெபம் போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவரே சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்தான். பெரிய சபைகளின் பாஸ்டர்களைப் போல மேடையில் துள்ளவும் தெரியாது. அவருடைய பிரசங்கத்தில் இரண்டு பேராவது தூங்குவார்கள். இருபத்தைந்து வருட ஊழியத்தில் ஒரு பெரிய அற்புதத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான் அக்காவின் சாட்சி அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு அக்காவுக்கு ஓய்வே இல்லை. கெலாங் பாத்தாவில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டம் என்றால் அங்கே சாட்சி. தெப்ராவில் யாருக்காவது பக்கவாதம் என்றால் அங்கே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சாட்சி. சபையில் அவள் பேரே "சாட்சி அக்கா" ஆகிவிட்டது. முதலில் கூச்சப்பட்டவள், போகப்போக நன்றாகவே சொல்லப் பழகிவிட்டாள். எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் அல்லேலூயா சொல்வார்கள் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைச் சொல்லிக் கேலி செய்தால், "போடி, உனக்கு எல்லாமே ரிஜெக்ட்தான்" என்பாள். ஒரு நாள் செக்கப்புக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் இருந்த சபைச் சகோதரி வாசலில் வந்து, "அலாமாக், சுகமாயிட்டீங்கன்னு சொன்னீங்களே சிஸ்டர், இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். சும்மா கேட்டதுதான், விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த முறை தேதியைத் தள்ளி வாங்கிவிட்டதாக என்னிடம் சொன்னாள். நான் நம்பினேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் துணி காயப்போடும்போது இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தாள். தடுக்கி விழுந்து முறியவில்லை, நின்ற இடத்தில் முறிந்தது. படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பு, ஈரல் எல்லாம் நோய் பரவியிருந்தது. பழைய தழும்புக்குப் பக்கத்தில் கட்டி கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அஞ்சு மாசம் என்றாள். "ஏன்க்கா வாயத் தொறக்கல?" என்று வார்டு என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவள் கூரையைப் பார்த்தபடி, "அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டேனே. அதே வாயால எப்படித் திரும்பச் சொல்றது? கர்த்தர் பொய்யராயிருவாரேடி" என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டதற்கு, யாரிடமும் சொல்லவில்லை என்றாள். ஏழு வாரத்தில் போய்விட்டாள். கடைசி மூன்று நாள் அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டாவது ஞாயிறு. சாட்சி நேரம் வந்தது. யாரும் எழவில்லை. பாஸ்டரே மைக்கை எடுத்து, பிரசங்க மேடையிலிருந்து இறங்கி, சாட்சி சொல்பவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். "நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அக்கா அவரைத் தனியாகப் பார்த்து, மறுபடி கட்டி தட்டுப்படுகிறது, முதுகு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கூட்டத்து நோட்டீஸில் அவளுடைய சாட்சி என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. "கூட்டம் முடியட்டும் சிஸ்டர், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம், இப்போ வெளிய தெரிஞ்சா விசுவாசத்துல பலவீனமானவங்க இடறிப் போயிருவாங்கன்னு நான்தான் சொன்னேன். கூட்டம் முடிஞ்சுச்சு. நான் திரும்பக் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன். அவங்க சாவுல எனக்குப் பங்கு இருக்கு."

அக்கா அவரைக் காப்பாற்றத்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த உபவாசக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் சாட்சி சொன்னதைப் பார்த்தேன். சாப்பிடாததால் தள்ளாடுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். இனிமேல் யாராலும் அந்த நினைப்பை என்னிடமிருந்து எடுக்க முடியாது.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பாஸ்டர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சபை மூப்பர் எழுந்து கையைத் தூக்கி ஒரு பாட்டைப் பிடித்துவிட்டார். கீபோர்டும் சேர்ந்துகொண்டது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடினார்கள். பாஸ்டர் மைக்கோடு நடுவில் நின்றுகொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் மூப்பர் வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்த அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "எவ்ளோ தாழ்மை பாருங்க நம்ம பாஸ்டருக்கு" என்றாள். அந்த மனிதர் தன் பாவத்தை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார். அதையும் ஒரு நல்ல சாட்சியாக்கிப் பாடி அனுப்பிவிட்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பாஸ்டர் அத்தானிடமும் போய் இதைச் சொல்லியிருக்கிறார். அத்தான், "கர்த்தருடைய சித்தம் பாஸ்டர், நீங்க என்ன செய்வீங்க, விடுங்க லா" என்று சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தாராம். தன்மேல் கோபப்பட ஆளில்லாமல் கடைசியில் என் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம், எனக்கு வேலை இல்லாத நாள் பார்த்து, கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பார். கூப்பிடவும் மாட்டார், ஜெபிக்கவும் மாட்டார். கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போவார். நான் பார்க்காததுபோல் என் வேலையைச் செய்வேன். ஒரே ஒரு நாள் தாங்க முடியாமல் வெளியே வந்து, "என்ன பாஸ்டர், உங்க கூட்டம் முடிஞ்சிருச்சா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டேன். முகத்தில் அடித்ததுபோல் நின்றார். பிறகு, "கேளும்மா, இன்னும் கேளு" என்றார். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. சபை இப்போது ஓர் இளம் பாஸ்டர் கையில் இருக்கிறது. துடிப்பான பிள்ளை. சாட்சி நேரத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். நானும் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். ஏன் போகிறேன் என்று கேட்டால், கடவுளோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். யாராவது எழுந்து சுகமாயிட்டேன் என்று சொன்னால், ஆராதனை முடிந்து படிக்கட்டில் பிடித்து, அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் எப்போது என்று கேட்பேன். சிலருக்கு என்னைக் கண்டாலே பிடிப்பதில்லை.

பழைய பாஸ்டரைச் சர்க்கரை தின்றுவிட்டது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸை உடம்பு இனிமேல் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டதாகப் பாஸ்டரம்மா போன மாதம் போனில் சொன்னார். கேட்டதும் அரிசிக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் போகிறேன். சபையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர் ஊழியத்தைப் புகழ்ந்து ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் ஜெபிக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்.

நேற்று நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். ஆறு வருடத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? சாகப்போகிற மனிதர். ஒரு சொல். அவரும் நிம்மதியாகக் கண்ணை மூடுவார், பாஸ்டரம்மாவும் ஸ்தோத்திரம் சொல்வார். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என் அக்கா இப்படித்தான், இருப்பதை இல்லை என்று எல்லோருடைய நிம்மதிக்காகவும் சொல்லித்தான் செத்தாள்.

"இல்ல பாஸ்டர்" என்றேன். "இன்னும் இல்ல. வருமான்னும் தெரியல."

பாஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா" என்றார். "எல்லாரும் வந்து, அதெல்லாம் ஒண்ணுமில்ல பாஸ்டர்ங்கறாங்க. நீ ஒருத்திதான் உங்கக்கா செத்ததுக்கு ஒரு விலை இருக்குன்னு வச்சிருக்க." பிறகு மூச்சை இழுத்துவிட்டு, "அடுத்த வாரம் கேக்கறேன். நெசத்தச் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் அவர் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. இருந்தாலும் என் பதில் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். மூன்று நாளாக எதையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தார்.