முதலில் வாங்கிய பூட்டு

பீல் ஏரிக்கரையில் நாங்கள் வாகனத்தோடு போய்த் தங்கும் கம்பிங் இடத்தில் காலை வேளையில் ஒரு வரிசை நிற்கும். சொந்த வீடும் தோட்டமும் நல்ல ஓய்வூதியமும் உள்ள சுவிஸ் மனிதர்கள், தங்கள் வாகனத்திலிருந்து கழற்றிய கக்கூஸ் பெட்டியைச் சூட்கேஸ் மாதிரி உருட்டிக்கொண்டு வந்து, கொட்டிக் கழுவுவதற்காகப் பொறுமையாக நிற்பார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இராது. ஒருவருக்கொருவர் "குரூஸெக்" என்று வணக்கம் சொல்லி, மழை வருமா வராதா என்று கதைப்பார்கள். முதல் தடவை அந்த வரிசையில் நின்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. போரில் இடம்பெயர்ந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில் நாங்களும் வாளியோடு இப்படித்தான் நின்றோம். அப்போது எங்களைப் பார்த்தவர்கள் பாவம் என்றார்கள். இவர்கள் காசு கட்டி வந்து நிற்கிறார்கள், அதற்கு விடுமுறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு வோன்மொபீல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய வானுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, ஹீற்றர், கக்கூஸ் எல்லாம் பொருத்திய உருண்டு போகிற வீடு அது. நானும் என் கணவரும் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளில் முதுகு வளைத்தவர்கள். அவர் உலோகம் வெட்டும் பகுதியில், நான் முள் பொருத்தும் மேசையில். பிள்ளைகள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற கையோடு இப்படிப் பழைய வாகனம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனியெண்டாலும் நாலு இடம் பாப்பம்" என்றார். இப்போது எங்கள் சனத்தில் வேறு சிலரும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கோயிலில் கண்டால், "அக்கா, பாதுகாப்புக்கு முதல் என்ன சாமான் வாங்கவேணும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் எங்கள் வீட்டுக் கதையை அவிழ்க்க வேண்டும். சரி, அவிழ்க்கிறேன்.

வாகனத்தை வாங்கியதிலேயே கை வெறுமையாகிவிட்டதால், மேலதிக சாமான்களை ஒவ்வொன்றாகத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தோம். முதலில் எது என்பதில்தான் சண்டை. கம்பிங் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். தாடி வைத்த ஒரு பொடியன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். இவர் தன் தொழிற்சாலை ஜெர்மனில், பாதுகாப்பு வேண்டும் என்றார். அவன் மகிழ்ச்சியோடு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்தான். காஸ் கசிந்தாலும் கத்தும், எரிகிற அடுப்பிலிருந்து வரும் மணமில்லாத நச்சு வாயுவுக்கும் கத்தும் அலாரம். அடுத்ததாகத் தீயணைப்பான். அதற்கடுத்து, நெருப்பின் மேல் போர்த்தும் போர்வை. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டு, "மனிதர்கள்" என்றார். எத்தனை பேர் என்று அவன் கேட்டான். இரண்டு பேர் என்றேன் நான். "இரண்டு பேருக்கு ஒரு அலாரம் போதும்" என்றான் அவன். மனிதர்களிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று இவர் விளங்கப்படுத்த, அந்தப் பொடியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கடையின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பூட்டுகளைக் காட்டினான்.

"இஞ்சாருங்கோ, அந்த அலாரத்தை முதல் வாங்குவம்" என்றேன்.

"கள்ளன் வந்தா அது கதைக்குமே?"

"காஸ் கசிஞ்சா உங்கட பூட்டு கதைக்குமோ?"

"நீர் சும்மா இரும். அலாரம் வாற மாசம் பாப்பம்."

பூட்டைத்தான் வாங்கினார். வெளியே மட்டுமல்ல, உள்பக்கத்திலும் திறப்புப் போட்டுத்தான் திறக்க வேண்டிய பூட்டு. அடுத்த மாதம் சக்கரத்துக்கு ஒரு பூட்டு. அதற்கடுத்த மாதம் ஸ்டியரிங்குக்கு ஒன்று. அதோடும் நிற்கவில்லை. பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவரிடம் அலுமினியக் கம்பி எடுத்து, ஊர் வீட்டு ஜன்னலுக்குப் போடுவது போல அளவாக வெட்டி, வாகனத்தின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் உள்பக்கமாகக் கம்பி போட்டார். நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு பிசிறு இல்லை. இந்த நாடு முழுக்கத் தேடினாலும் ஜன்னலுக்குக் கம்பி போட்ட வோன்மொபீல் வேறொன்று இராது என்று நினைக்கிறேன்.

அவரைப் பைத்தியம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தான். எங்களுக்குக் கல்யாணமாவதற்கு முதல் நடந்த கதை இது. ஒரு மத்தியானம் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படலையடியில் யாரோ தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதட்டிக் கூப்பிடவில்லை, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். சின்ன விசாரணை, உடனே விட்டுவிடுவோம் என்றார்களாம். வந்தவர்கள் எந்தத் தரப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் படலையடிக்குப் பல தரப்பும் வந்தது. சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் படலையின் கொளுவியை எடுத்துவிட்டவர் இவர்தான். தம்பி திரும்பி வரவில்லை. இங்கே வந்த புதிதில், அகதிகளுக்கான விடுதியில் இருந்தபோது ஒருமுறை இதைச் சொன்னார். பிறகு ஒருநாளும் வாயெடுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கதவுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் படுக்கமாட்டார்.

என் கதை வேறு. எங்கள் வீட்டுப் பின்வளவில் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பதுங்குகுழி இருந்தது. ஒரே ஒரு வாய். செல்லடி கொஞ்சம் ஓய்ந்த நேரம் தண்ணீர் எடுக்க நான் வெளியே ஓடினேன். பெரியக்கா உள்ளே இருந்தாள். அடுத்த செல் வாயடியில் விழுந்தது. அயலட்டையெல்லாம் ஓடிவந்து மண்வெட்டியாலும் கையாலும் கிண்டி அவளை வெளியே எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. மண் குழியின் வாயை மூடிவிட்டது, உள்ளே இருந்த காற்று முடிந்துவிட்டது, அவ்வளவுதான். நித்திரை கொள்கிறவள் போலத்தான் கிடந்தாள். அதிலிருந்து எனக்கு அடைத்த இடம் ஆகாது. இந்த நாட்டில் கட்டடங்களின் அடியில், ஒருநாளும் வராத போருக்காக, தடித்த கொங்கிரீட் கதவு போட்ட பதுங்கு அறை கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கட்டடத்திலும் உண்டு. சனம் அதற்குள் வைனும் பனிச்சறுக்குக் கட்டைகளும் அடுக்கி வைத்திருக்கிறது. நான் ஒருநாளும் அதற்குள் இறங்கியதில்லை. உருளைக்கிழங்கு மூட்டை எடுப்பதென்றாலும் இவர்தான் போக வேண்டும்.

இப்போது விளங்கும், எங்கள் சண்டை சாமானைப் பற்றிய சண்டை அல்ல. அவருக்கு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது. எனக்கு வெளியே போக வழி வேண்டும். இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேரின் இந்த இரண்டு பயத்தையும் ஒரு வாகனத்துக்குள் வைத்துப் பூட்டலாம் என்று அவர் நினைத்தார். அந்தப் பெட்டிக்குள் என்னால் மூச்சுவிட முடியுமா என்று அவர் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

சித்திரை மாதம் அந்த ஏரிக்கரைக்கு எங்கள் முதல் பயணம் போனோம். குளிரும் மழையும். பகல் சாப்பிட்ட பிறகு ஹீற்றர் பற்ற மறுத்தது. இவர் காஸ் அடுப்பு இரண்டையும் பற்றவைத்து, சூடு வரட்டும் என்று விட்டுவிட்டார். அப்படிச் செய்யாதே என்று அடுப்புக்கு மேலே ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டியிருந்தது. பீல்காரருக்கு இரண்டு மொழியும் வாசிக்கத் தெரியும், என்ன பயன். எனக்குத் தெரியாத இன்னொரு அலுவலும் நடந்திருந்தது. வாகனத்தின் தரையில் காற்று வர விட்டிருக்கும் துவாரங்களை இவர் கீழிருந்து ஒட்டுநாடா போட்டு அடைத்திருந்தார். கள்ளர் துவாரத்தால் மயக்க மருந்து அடித்துவிட்டுக் களவெடுக்கிறார்களாம், பிரான்சில் யாருக்கோ நடந்ததாம். யாருக்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கதவைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். பட்டப்பகலில், சுற்றிவரச் சுவிஸ்காரர் சீட்டு விளையாடுகிற இடத்தில்.

எனக்கு முதலில் தலையிடித்தது. தேத்தண்ணி குடித்தால் சரியாகும் என்று எழும்பினேன். முழங்கால் என் சொல்லைக் கேட்கவில்லை. இவரைத் தட்டினேன், ஏதோ முனகினார், எழும்பவில்லை. ஜன்னலடிக்குப் போனால் கம்பி. கதவடிக்குப் போனால் பூட்டு. அந்த நேரத்தில் பெரியக்காவின் முகம் எனக்கு அப்படியே தெரிந்தது. அவர் சேட்டுப் பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்தேன். மணிக்கூட்டு முள்ளைக் கண்ணுக்குத் தெரியாத ஊசியில் ஏற்றிய கைகள் இவை. ஒரு திறப்பை ஒரு துவாரத்துக்குள் நுழைக்க மாட்டேன் என்றன. கத்தினேனா என்று தெரியாது. எப்படியோ அது நுழைந்தது. கதவு திறந்து ஈரப் புல்லில் விழுந்தேன்.

மஞ்சள் மழைச்சட்டை போட்ட பக்கத்து வாகனத்து மனிசி தன் கக்கூஸ் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். இரண்டு பேருமாக இவரைக் கையில் பிடித்து வெளியே இழுத்தோம். வயிற்றிலிருந்ததையெல்லாம் சத்தி எடுத்தார், உயிர் இருந்தது. அம்புலன்ஸ் வந்து முகத்தில் ஒட்சிசன் மூடியை மாட்டியது. எனக்கு ஜக்கெற் எடுத்துத் தருவதற்காக அந்த மனிசி மறுபடியும் வாகனத்துக்குள் ஏறினாள். இறங்கி வரும்போது முகம் மாறியிருந்தது. என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், தணிந்த குரலில், மெதுவான ஜெர்மனில் கேட்டாள்: "உங்கள் கணவர் உங்களைப் பூட்டி வைத்திருக்கிறாரா?"

என்னிடம் உள்ள ஜெர்மன் வேலைக்கும் கடைக்கும் டொக்டருக்கும் போதும். படலைக்கும் பதுங்குகுழிக்கும் போதாது. "இல்லை. போர்" என்றேன்.

"போரா? எங்கே?"

"ஸ்ரீலங்கா."

"ஆ, எவ்வளவு அழகான நாடு! நாங்கள் இரண்டு தரம் போயிருக்கிறோம். எப்போதும் சிரித்த முகமான மக்கள்."

சொல்லிவிட்டு, அடிவாங்கும் பெண்கள் போய் இருக்கக்கூடிய வீட்டின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி என் கைக்குள் திணித்தாள். நல்ல மனிசி, என் உயிரைக் காக்க ஓடிவந்தவள். இருந்தும் எனக்கு அவள் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாமல் போனதால் வந்த ஆத்திரம் அது. பூட்டித்தான் வைத்திருந்தார். தன்னையும் சேர்த்துத்தான், ஆனால் பூட்டித்தான் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் தந்தார்கள். இவர் என் பக்கம் திரும்பினார்.

"கண் முழிக்கேக்க கதவு திறந்து கிடந்துது. ஆரோ வந்திட்டாங்கள் எண்டு நினைச்சன்."

"நான்தான் திறந்தனான்."

"ஓம்" என்றார். "அது பிறகுதான் விளங்கினது."

மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடைக்குத் தனியாகப் போய் அலாரத்தை வாங்கி வந்து கட்டிலுக்கு மேலே பொருத்தினார். ஹீற்றரைத் திருத்தக் கொடுத்தார். ஒட்டுநாடாவைக் கிழித்தார், கம்பிகளைக் கழற்றினார், கடைசியில் உள்பக்கப் பூட்டையும் கழற்றினார். கம்பிகளை எறிய மனமில்லை. ஊர் வீட்டுக்கு அடுத்த பார்சலில் அனுப்பலாமாம். ஆளில்லாமல் கிடக்கும் அந்த வீட்டின் ஜன்னல்களுக்கு ஏற்கனவே கம்பி இருக்கிறது. இருந்தாலும் கழற்றிய கம்பிகள் எங்கள் பல்கணி மூலையில் அடுக்கிக் கட்டியபடி காத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே கோயிலில் கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் அலாரம். அடுத்தது கதவடியில் ஒரு தீயணைப்பான். காற்றுத் துவாரத்தை ஒருநாளும் அடைக்காதீர்கள். பூட்டுகளைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். இதை ஒழுங்காகச் சொல்கிறேன், கேட்டுத் தலையாட்டுகிறார்கள். அடுத்த கிழமை பார்த்தால் முதலில் பூட்டைத்தான் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

இந்தக் கோடையில் மறுபடியும் அந்த ஏரிக்கரைக்கு வந்திருக்கிறோம். மத்தியானம் சாப்பிட்டதும் நான் உள்ளே சரிகிறேன். தலைக்கு மேலே அலாரத்தின் பச்சை விளக்கு எரிகிறது, ஜன்னலால் ஏரிக்காற்று வருகிறது. இவரால் பூட்டில்லாத கதவுக்குப் பின்னால் படுக்க முடியவில்லை. அதனால் மடிப்புக் கதிரையை வெளியே கதவோடு ஒட்டிப் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கால் இரண்டும் சுவிஸ் புல்லில். கண் மட்டும் கம்பிங் வாசலில், எங்கள் ஊர்ப் படலையைப் பார்க்கிற அதே பார்வையோடு. போகிற வருகிற சுவிஸ்காரர் "குரூஸெக்" என்கிறார்கள், இவரும் சொல்கிறார். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. அவர் எழும்பினால்தான் எனக்கு வழி.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் நான் உள்ளேயிருந்து தட்டுவேன். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கும், கதவு கொஞ்சம் திறக்கும். "என்ன, வெளிய வரப்போறீரோ?" என்பார். "இல்லை, சும்மாதான்" என்பேன். கதவைச் சாத்துவார், கதிரை திரும்பவும் வந்து ஒட்டும். சிறிது நேரம் பொறுத்து, அவர் எழும்புகிறாரா என்று பார்க்க மறுபடியும் தட்டுவேன்.