கராஜில் கொதிக்காத கார்

எண்பத்தைந்தாம் ஆண்டு, எங்களுக்குக் கலியாணமாகி எட்டாவது மாதத்தில், என் கணவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரையில்லாத, பழைய சிவப்புக் கார். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை விட்டுப்போனதாம். சண்டிலிப்பாயில் இரசாயனம் படிப்பிக்கிற வாத்தியாருக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"ஓடிப் பாத்தால் உமக்கு விளங்கும்" என்றார்.

ஓடிப் பார்த்தோம். இரண்டு மைல் போனதும் பொனற்றின் கீழிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. வீதியோர வெங்காயத் தோட்டத்தில் நின்ற மூன்று பேர் அந்தச் சத்தத்தைக் குண்டென்று நினைத்துக் குப்புறப் படுத்துவிட்டார்கள். காலம் அப்படி. பிறகு எழும்பி வந்து, எங்களை நன்றாக ஏசிவிட்டு, கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்தார்கள்.

மருதனார்மடச் சந்தியில் ஒரு கராஜ் இருந்தது. அதை நடத்தியவர் பருமனான, நிதானமான மனிதர். எல்லோருக்கும் அவர் அண்ணை. காரை ஸ்ரார்ட் செய்து விட்டுவிட்டு, பக்கத்து மர வாங்கில் சாய்ந்திருந்து பேப்பர் வாசித்தார். ஒரு மணித்தியாலமாகியும் கார் கொதிக்கவில்லை.

"மாஸ்ரர், காருக்கு ஒண்டுமில்லை. நீங்கள்தான் சூடாய் இருக்கிறியள்."

திரும்பி வருகிற வழியில் கொதித்தது.

அடுத்த முறை அண்ணை தெர்மோஸ்ரற்றைச் சந்தேகித்தார். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிற சின்னக் கதவு அது. திறக்கிறதா என்று பார்க்க, என் கணவர் அதைக் கழற்றி வந்து எனது பால் சட்டியில் போட்டு அவித்தார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துத் தெர்மாமீற்றரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தார். எண்பது பாகையளவில் கதவு திறந்தபோது, குழந்தை முதற்பல் காட்டியதுபோல என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல தெர்மோஸ்ரற்தான். ஒரு கிழமைக்கு எங்கள் தேத்தண்ணீரில் எஞ்சின் வாசம்.

பிறகு ரேடியேற்றரைக் கழுவினார்கள். ஃபான் பெல்ற்றை இறுக்கினார்கள். மூடியை மாற்றினார்கள். கராஜில் அது நல்ல பிள்ளையாக நிற்கும். வெளியே இறங்கினால் கொதிக்கும்.

இதற்கிடையில் புத்தூரில் அவருடைய சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. பஸ்ஸில் போவோம் என்றேன். அவர் கேட்கவில்லை. கார் கொதித்தால் ஊற்றவென்று வைத்திருந்த தண்ணீர்க் கான் ஒழுகியதால், காஞ்சிபுரச் சேலையோடு நான் ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தளம்பாமலிருக்க அதன் வாயில் ஒரு மாவிலைக் கொத்தைச் செருகியிருந்தேன்.

கலியாண வீட்டு வாசலில் இறங்கியதும் பெண்ணின் பெரியம்மா ஓடிவந்து இரண்டு கையாலும் குடத்தை வாங்கினார்.

"பாருங்கோ, படிச்ச பிள்ளையெண்டாலும் முறை தெரிஞ்சு நிறைகுடம் கொண்டந்திருக்கு."

குடம் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போய் இருந்தது. அது காருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாலி கட்டும்போது எல்லோரும் பொம்பிளையைப் பார்த்தார்கள். என் கணவர் குடத்தைப் பார்த்தார். பந்தி முடிந்து அவர் மெல்ல அதற்குக் கிட்டப் போக, பெரியம்மா, "தம்பி, உந்தக் குடத்தைத் தொடாதையுங்கோ" என்றார்.

வெறுங்கையோடு திரும்பினோம். நீர்வேலியில் கொதித்தது. ஊரின் பெயரில் நீர் இருந்தது, எங்களிடம் இல்லை. பக்கத்து வளவுக்காரர் கிணறு இறைக்கிற மெசின் பழுது என்று சொல்லி, இரக்கப்பட்டு இளநீர் வெட்டித் தந்தார். நாங்கள் ஒன்று குடித்தோம். கார் ஆறு குடித்தது.

மறுநாள் அண்ணை ரேடியேற்றர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"ஏன் மாஸ்ரர், காருக்கு அம்மாள் வருத்தமோ, இளநீர் பருக்கியிருக்கிறியள்?"

அன்றைக்குத்தான் நான் வாய் திறந்தேன். "அண்ணை, இது நிண்டால் கொதிக்கிறேல்லை, கெதியாய் ஓடினால்தான் கொதிக்குது. ஓடேக்கை ஆராவது உள்ளுக்குப் பாக்கவேணும்."

அண்ணை என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு பொனற்றைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் ஏறி எஞ்சினைப் பார்த்தபடி இருந்தார். ஒரு கையால் ஹெட்லைற்றைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் ஏற, என் கணவர் காரை எடுத்தார். சந்தைக்கு வந்தவர்கள் விலை கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார்.

புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே கார் வேகம் பிடித்ததும் அண்ணை ஏதோ கத்தினார்.

"மாஸ்ரர், சூப்புது."

"ஆர் கூப்பிடுறது?"

"கூப்பிடேல்லை. சூப்புது. குழாய் சூப்புது."

"இன்னும் கெதியாய்ப் போகட்டாம்" என்று என் கணவர் என்னிடம் சொல்லிவிட்டு மேலும் அழுத்தினார்.

நான் எழும்பிக் கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ரேடியேற்றரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கறுத்த றப்பர்க் குழாய், ஐஸ்பழம் சூப்புகிற பிள்ளையின் கன்னம்போல ஒட்டிப்போய்க் கிடந்தது. ஓட்டம் கூடக் கூட பம்ப் பலமாக இழுக்க, கிழட்டு றப்பர் உள்ளே மடிந்து வழியை அடைத்திருக்கிறது. கார் நின்றதும் ஒன்றும் நடக்காததுபோல உருண்டையாகிவிடும். இத்தனை நாளும் எங்களை ஏமாற்றியது அதுதான்.

அவருடைய தோளில் கிள்ளினேன். பிரேக் பிடித்தார். அண்ணை விழவில்லை, ஹெட்லைற் கையோடு வர, இறங்கி நின்றார்.

"இதைப் பிறகு பூட்டுவம்" என்றார்.

அந்தக் குழாய் புதிதாய் வாங்க வழியில்லை. அண்ணை வேலிக்கம்பியை ஒரு சைக்கிள் பம்பில் சுற்றிச் சுருளாக்கி, குழாய்க்குள் நுழைத்தார். அதற்குப் பிறகு மடிய முடியவில்லை. என் கணவர் சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், கை முழுக்கக் கிறீஸ் என்று பாதியில் நிறுத்தினார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறைக் கடல் பார்க்கப் புறப்பட்டோம். சூடு காட்டுகிற ஊசி நடுவிலேயே நின்றது. வல்லை வெளியில், ஒதுங்க ஒரு மரமும் இல்லாத இடத்தில், மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தேன், காற்று அதை மறுபக்கம் பிரட்டியது. என் கணவர் மழையைக் கவனிக்கவேயில்லை.

"பாரும், ஊசி அசையேல்லை."

"எனக்குக் குளிருது" என்றேன்.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் போய் இரண்டு பேரும் பொனற்றின்மேல் கைகளை விரித்து வைத்துக்கொண்டு நின்றோம். இதமாக இருந்தது.