புற்றின் மூச்சு

கட்டட வடிவமைப்பாளர் சிதம்பரம் சார் இறந்த செய்தி, மதியம் என் அறையில் இருந்தபோது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "இயற்கை வளாகத்தின் சிற்பி மறைந்தார்" என்று தாளாளர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. துக்கம் பிறகுதான்.

நார்த்தாமலைப் பக்கம் பள்ளிக்கு வாங்கிய நிலத்தின் நடுவில் ஆளுயரக் கரையான் புற்று இருந்தது. ஜேசிபி ஓட்டுநர் கும்பிட்டுவிட்டு, "இதுல மட்டும் கை வைக்க மாட்டேன்" என்றார். சிதம்பரம் சார் அதன் துளையருகே உள்ளங்கையை நீட்டினார். "மேடம், இங்கிட்டு வாங்க. இது மூச்சு விடுது."

"பாம்பு விடுற மூச்சா இருக்கும் சார்" என்றேன். தாவரவியல் படித்தவள்; எதையும் எளிதில் நம்புவதில்லை.

"அப்ப அதுக்கும் உள்ள குளுகுளுன்னுதான இருக்கும்" என்று சிரித்தார்.

அந்தப் புற்றைப் பார்த்தே வகுப்பறைகளை வரைந்தார். செம்புராங்கல் சுவர், தரையோரம் காற்று நுழையத் துளைகள், உச்சியில் சூடு வெளியேற ஒரு கூண்டு. முதல் கோடையில் மின்சாரம் போனதைப் பிள்ளைகள் கவனிக்கவே இல்லை. அவரிடம் சொன்னேன். "கவனிக்கலைன்னா நல்ல கட்டடம்ங்க" என்றார்.

பிறகு தாளாளர் பக்தியோடு புற்றைச் சுற்றி கிரானைட் பதித்து, சிமெண்டில் ஐந்து தலை நாகம் வைத்தார். வெள்ளிதோறும் பாலும் முட்டையும். அடுத்த முறை வந்தபோது சிதம்பரம் சார் துளையைத் தேடிக் கை வைத்தார். "கும்பிட்டே கொன்னுட்டாங்க மேடம்."

வகுப்பறைகளின் முறையும் வந்தது. துளை வழியே தூசியும் ஓணானும் வருவதாகப் பெற்றோர் குறைசொன்னார்கள். ஏசி வைத்தால் அட்மிஷன் கூடும் என்றார் தாளாளர். துளைகளை அடைக்கும் உத்தரவில் முதல்வர் கையெழுத்திட வேண்டும். முதல்வர் நான். போட்டேன்.

பூச்சு காய்வதற்குள் சிதம்பரம் சார் வந்து பார்த்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றார். அதன்பின் வரவில்லை.

பெரிய வகுப்பறையில் நடந்த அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு வந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: தாளாளர் இயற்கையைப் புகழும்போதே மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அஞ்சலித் தாளால் விசிறிக்கொண்டோம். "எதையாவது தொறங்கய்யா" என்று யாரோ கத்தினார்கள். கொத்தனார் மாரிமுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாந்தானம்மா எல்லாத்தையும் பூசுனேன். எதத் தொறக்கறது?"

அவருக்கும் சிதம்பரம் சாருக்கும் மட்டும் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த உத்தரவில் என் அறையை நான் சேர்க்கவில்லை. அங்கே நான்கு துளைகள் இன்னும் திறந்திருக்கின்றன. மதியங்களில் என் காலடிக்குக் காற்று வருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.