எனக்குப் பிள்ளையில்லை என்று எழுதியவர்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், மூன்று பேர் என் தங்கை பெற்றவர்கள். தங்கையும் அவள் புருஷனும் ஒரே கிழமையில் போய்விட்டார்கள். அந்தக் கிழமையிலிருந்து ஏழும் என்னுடையவை. எந்த நாலு, எந்த மூன்று என்று இங்கே எழுத மாட்டேன். கலியாண வீடுகளில் அதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்த ஸ்காபரோ முழுக்க இருக்கிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மனிதர் எனக்குப் பிள்ளையே இல்லை என்று எழுதிவிட்டார். அதுவும் அச்சுக்குப் போகிற புத்தகத்தில்.

அவர் ஒரு யூதர். மனைவி இறந்த பிறகு பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் தனியே இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூப்பு. பேரப்பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் எனக்கு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தெரிந்த ஒருவர் சொல்லி, திங்கள், புதன், வெள்ளி என்று கிழமையில் மூன்று நாள் அவருக்குச் சமைத்துக் கொடுக்கப் போனேன். ஸ்காபரோவில் நாங்கள் இருக்கிற ரூஜிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். அதனாலேயே போனேன்.

முதல் நாள் அவர் குசினி அலுமாரிகளைத் திறந்து காட்டினார். ஒன்றில் நீலக் கரை போட்ட கோப்பைகள், மற்றதில் சிவப்புக் கரை போட்டவை. நீலம் பாலுக்கு, சிவப்பு இறைச்சிக்கு, ஒன்றோடொன்று முட்டக்கூடாது என்று நீட்டி விளங்கப்படுத்தத் தொடங்கினார். எனக்குத் தெரியும் என்றேன். எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சச் சட்டி அடுப்புப் பக்கமே வராது. எனக்கு முன்பு வந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த மூன்று மாதம் சென்றதாம். வெள்ளி இரவு அவர்களுக்குப் பெரிய சாப்பாடு. அன்றைக்கு நான் மரக்கறி. அதனால் அவருடைய கோழி சூப்பை வாயில் வைக்காமலே காய்ச்சினேன். உப்பு எனக்கு மணத்தில் தெரியும். இன்றுவரை பிழைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பேசுவது ஆங்கிலம். என்னுடையது குசினி ஆங்கிலம். பதினொரு வருடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. அதை நான் எனக்கு வருகிற தமிழில்தான் எழுத முடியும். ஆகவே இங்கே அவர் யாழ்ப்பாணத்தார் மாதிரித்தான் கதைப்பார். அவர் எனக்குச் செய்ததைப் பார்க்க இது ஒன்றும் பெரிய பிழை இல்லை. நான் அவரை அண்ணை என்பேன். அதை ஏதோ பட்டம் என்று நினைத்துச் சந்தோசப்படுவார்.

அவருடைய தொழில் சிரிப்புக் கதை எழுதுவது. எல்லாப் புத்தகத்திலும் ஒரே ஆள்தான் வருவான். அவனும் யூதக் கிழவன், அவனும் எழுத்தாளன், அதே வீதி, அதே முழங்கால் நோ, பெயரும் இவருடைய பெயரே. ஆனால் இவர் செய்யாததை எல்லாம் அவன் செய்வான். விரத நாளில் பன்றி இறைச்சி தின்பான். பிரார்த்தனையில் குறட்டை விடுவான். இவரோ தனியே இருந்து பாண் தின்னும்போதும் நீலக் கோப்பையா சிவப்புக் கோப்பையா என்று இரண்டு தரம் பார்ப்பவர். சனங்கள் புத்தகத்தைத்தான் நம்பினார்கள். ஒருநாள் அவர்களுடைய கோயில் அம்மா ஒருவர் போனில் ஏசினார். சத்தம் அடுப்படிவரை வந்தது.

"அது நானில்லை அம்மா, அவன்," என்றார் இவர்.

"அவனுக்கும் உம்மட பேர்தானே?"

"பேர் என்ர. பன்றி அவன்ர."

போனை வைத்துவிட்டு, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி என்னிடம் வந்தார். "அவன் தின்னுறான், ஏச்சு எனக்கு வருது. ருசி எப்பிடியெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது, மிசிஸ்."

"அப்ப ரெண்டு பேரில ஆர் நல்ல யூதன்?" என்று கேட்டேன்.

தோடம்பழம் உரித்துக்கொண்டே யோசித்தார். "அவன்தான். அவன் பிழையெண்டு தெரிஞ்சு பிழை விடுறான். நான் பயத்தில சரியா நடக்கிறன்."

எனக்கு இதெல்லாம் நல்ல பகிடியாகத்தான் இருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

மாரிக் குளிரில் வெள்ளிக்கிழமைகளில் பேத்தி காரில் வந்து என்னை ஏற்றிப்போவாள். யூனிவர்சிற்றியில் படிக்கிறவள். அவளுக்கும் அவருக்கும் நல்ல ஒட்டு. அன்று அவர் புதிதாக எழுதிய கதையை அவளிடம் வாசிக்கக் கொடுத்திருந்தார். கார் சூடாகும்வரை அவள் தாள்களைப் புரட்டினாள். திடீரென்று ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தாள்.

"ஓ மை கோட், அம்மம்மா! நீங்கள் இதுக்குள்ள இருக்கிறியள்!"

தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். ஸ்காபரோவிலிருந்து ஒரு பொம்பிளை அந்த ஆளுக்குச் சமைக்க வருகிறாள். சேலைக்கு மேலே குளிர் ஜக்கெற், காலில் ஆம்பிளைச் சப்பாத்து. கிழவனுக்குத் தெரியாமல் உப்புப் போத்தலை அரிசிக்குப் பின்னால் ஒளிக்கிறாள். சூப்போடு கதைக்கிறாள். வேறு யாருடைய சமையலையும் அவன் புகழ்ந்தால் அன்றைக்கு முழுக்க வாய் திறக்கமாட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சந்தோசத்தை வெளியே காட்டாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீரியஸ்லி அம்மம்மா, கதையில அந்த ஆள் உங்களைக் கலியாணம் கேக்கிறார்."

"கேக்கட்டும். வாயில சூப்போட கேட்டவரோ, துடைச்சுப்போட்டுக் கேட்டவரோ?"

"துடைச்சிட்டு."

"அப்ப மரியாதை தெரிஞ்ச ஆள்தான்."

அடுத்த பக்கத்தில் அவள் குரல் இறங்கியது. அந்தப் பொம்பிளைக்குப் புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, பஸ்ஸில் இறங்கினால் பார்த்திருக்க ஒருவரும் இல்லை. கதையில் புருஷனை எடுத்துவிட்டது பரவாயில்லை. என் மனுசன் போய் இருபத்திரண்டு வருடம். உயிரோடு இருந்தபோதே கதை நடுவில் எழும்பிப் போகிறவர். ஆனால் பிள்ளைகள்?

"மற்றப் பக்கம் பார் பிள்ளை."

"அதிலயும் இல்லை, அம்மம்மா."

பங்குனி முடியப் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றும் சொன்னாள். என் பிள்ளைகள் ஏழு பேரும் ஆங்கிலம் வாசிப்பவர்கள். சப்பாத்தையும் உப்புப் போத்தலையும் பார்த்தால் அது அம்மா என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த வரியில் அம்மாவுக்குப் பிள்ளையில்லை என்று வாசிப்பார்கள். 'அது உன்ர அம்மா இல்லை' என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்ல, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் அந்த ஏழு பேருக்குள் இருக்கிறார்கள். அந்த வசனத்தை அவர்கள் இன்னொருதரம், அச்சில், என் சப்பாத்துக்குப் பக்கத்தில் பார்க்கக்கூடாது.

திங்கட்கிழமை போய்ச் சமைத்தேன். சூப்பை மேசையில் வைத்துவிட்டு இருக்காமல் நின்றேன்.

"அண்ணை, என்ர பிள்ளையள் எங்க?"

கரண்டி பாதியில் நின்றது. "எந்தப் பிள்ளையள்?"

"உந்தத் தாளில இருந்து நீங்கள் எடுத்துப்போட்ட பிள்ளையள்."

"அது நீங்கள் இல்லை, மிசிஸ். அது அவன்ர வீட்டுக்கு வாற பொம்பிளை."

"அவவுக்கு என்ர சப்பாத்து வேணும், என்ர உப்புப் போத்தல் வேணும். பிள்ளையள் மட்டும் வேண்டாமோ?"

தனிமையில் உள்ள பொம்பிளை என்றால்தான் கதை நிற்கும் என்றார். "ஏழு பிள்ளையளோட இருக்கிற பொம்பிளையை அவன் எப்பிடிக் கேக்கிறது? வாசல்லயே பயந்து ஓடியிடுவான்."

"ஓடுறவனுக்கு நான் ஏன் சூப் காய்ச்ச வேணும்?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே பொக்கற்றில் இருந்து பேனையை எடுத்து அதைக் குறிக்கப் பார்த்தார். நான் பேனையை வாங்கி மேசையில் வைத்தேன்.

"சரி, ரெண்டு தாறன். ஒரு பெடியன், ஒரு பெட்டை."

"ஆடு வாங்கவே வந்தனான்?"

"வாசிக்கிறவைக்கு ஏழு பேரை ஞாபகம் வைச்சிருக்கேலாது, மிசிஸ்."

"ஏழு பேருக்கும் சோறு போட எனக்கு ஞாபகம் இருந்தது."

அப்போதுதான் அதைச் சொன்னார். பெரிய மனசோடு விட்டுக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார். "அப்ப நாலு. பேத்தி சொன்னவ, நீங்கள் பெத்தது நாலுதானாம்."

நான் குசினிக்குப் போய், கழுவிய சிவப்புக் கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. குசினி வாசலில் வந்து நின்றார். பிழைவிட்டது தெரிந்திருந்தது, என்ன பிழை என்றுதான் தெரியவில்லை.

அதற்கு முந்திய தை மாதத்தில் அவருடைய மனைவியின் திவசம் வந்தது. நிலமெல்லாம் ஐஸ். தனியே விட முடியாமல் நானும் காலையில் அவர்களுடைய கோயிலுக்குக் கூடப்போய்ப் பின் வரிசை வாங்கில் இருந்தேன். செத்தவருக்கான செபத்தைச் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டுமாம். ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் தொடங்கவில்லை. கடைசியில் ஒருவர் தெருவுக்குப் போய், காரில் ஐஸ் சுரண்டிக்கொண்டு நின்ற ஒருவனைப் பிடித்து வந்தார். அவனும் யூதன்தான். அவன் உள்ளே வந்து நின்றதும் செபம் தொடங்கிவிட்டது.

கையைத் துடைத்துவிட்டு அண்ணையைக் கேட்டேன். "அண்டைக்குப் பத்தாவதா வந்தவன் ஆர்?"

"ஐஸ் சுரண்டினவன்."

"அவன் செபப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நான் பாத்தனான். அவனைக் கழிச்சு ஒன்பது பேர் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை. வந்து நிண்டால் பத்துத்தான்."

"அப்ப என்ர ஏழு எப்பிடி நாலாகும்?"

தடியை ஃபிரிட்ஜில் சாத்தி வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தார்.

பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னார். ஒரேயொரு மகள், வான்கூவரில் இருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுதுபட முன்னம் போன் எடுப்பாள்; பொழுதுபட்டால் அவர்களுக்கு ஓய்வுநாள், போனைத் தொடக்கூடாது. ஈரக் கையோடு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், அப்பாவின் முதல் புத்தகத்தில் தன்னை ஒரு பகிடியாகக் கண்டுவிட்டாள். ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். இனி உன்னை எழுதமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

"எந்தப் பிள்ளையை எழுதினாலும் அது அவளாத்தான் வந்து நிக்குது, மிசிஸ். அதால நான் ஆரின்ர பிள்ளையையும் எழுதுறேல்லை. அவனுக்கும் பிள்ளையில்லை. அந்தப் பழக்கத்தில உங்கடையளையும் எடுத்துப்போட்டன்."

அதுவரை பத்து வருடமாக அந்தப் போனை எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கு இது தெரியாது. கோபம் பாதி இறங்கிவிட்டது. மற்றப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னேன்: "உங்கட மகளுக்குக் குடுத்த வாக்கை நீங்கள் காப்பாத்துங்கோ. என்ர பிள்ளையளுக்கு நான் அப்பிடி ஒண்டும் குடுக்கேல்லை. தாராளமா எழுதலாம்."

அடுத்து வந்த கிழமைகளில் சமையல் பாதி, கதை பாதி. ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். ஸ்ரௌவ்வில்லில் வீடு விற்கிறவன், ஆஸ்பத்திரித் தாதி, தண்ணிக் குழாய் வேலை செய்கிறவன் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். மனுசன் கள்ளன். இடையில் உயரத்தைக் கேட்பார், மூக்கைக் கேட்பார். எந்த நாலு என்று பிடிக்கப் பார்க்கிறார்.

"எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே மூக்கு, அண்ணை. வீண் வேலை," என்றேன்.

புத்தகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேத்தியை வாசிக்கச் சொன்னேன். அந்தக் கிழவன் கலியாணம் கேட்க ஸ்காபரோவுக்கு வருகிறான். சோபாவில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஒருத்தி பிறஷர் எவ்வளவு என்று கேட்கிறாள். ஒருவன் வீட்டுக்கு எத்தனை குளியலறை என்கிறான். கடைசி ஆள், நீங்கள் பன்றி தின்னுவீங்களாமே, உண்மையா என்கிறான். கிழவனுக்கு வேர்க்கிறது. என்னுடைய ஏழும் தங்களைத் தாங்களே கண்டுபிடித்து, ஒருவரை ஒருவர் தள்ளித் தள்ளிச் சிரித்தார்கள். அதில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே எழும்பிக் குசினிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தது. யார் என்று எழுத மாட்டேன்.

புத்தகத்தில் அந்தப் பொம்பிளை மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். திங்கட்கிழமை அதையும் விசாரித்தேன்.

"என்னைக் கேக்காமல் ஏன் மாட்டன் எண்டு சொல்லவைச்சனியள்?"

கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

"சூப் ஆறுது, அண்ணை. குடியுங்கோ."

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. எழுத்தென்றால் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பதிலுக்கு நானும் அவரை எழுதிப் பார்ப்போம் என்று ஒரு கொப்பி வாங்கினேன். இரண்டு மாதமாக எழுதுகிறேன். போன கிழமை மேலே உள்ளதைத் திரும்பப் பார்த்தபோது பேனை நின்றுவிட்டது. அவருடைய மகளை எழுதிவிட்டேன். அவர் இத்தனை வருடம் காத்த வாக்கை நான் அரைப் பக்கத்தில் உடைத்துவிட்டேன். வெட்டிவிடலாம் என்று கோடு இழுக்கப் போனேன், கை போகவில்லை. வெட்டினால் அவர் பிள்ளையில்லாத மனிதர் ஆகிவிடுவார்.

திங்கட்கிழமை அவரிடமே சொன்னேன். கேட்டுவிட்டு, "அது நான் குடுத்த வாக்கு. விடுறதோ வெட்டுறதோ எண்டு அவளைத்தான் கேக்க வேணும். வெள்ளிக்கிழமை எடுப்பாள்," என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. அவருடைய குசினி மேசையில் இருந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். சூப் அடுப்பில். பொழுதுபட இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. அண்ணை போனுக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் பேப்பர் வாசிக்கிறார். என்னை ஏற்ற வந்த பேத்தி வாசலில் சப்பாத்துக் கழற்றுகிறாள். அவளிடம் சொல்லப்போவது இதுதான்:

"வா பிள்ளை, இதில இரு. முதல் எனக்குத் தமிழில ஒருக்கால் ஆறுதலா வாசிச்சுக் காட்டு. போன் வந்த உடன அவவுக்கு இங்கிலிசில வாசி. அவ வாற இடத்தில நிப்பாட்டி, விடவோ வெட்டவோ எண்டு கேள். அவ சொல்லுமட்டும் மற்றப் பக்கம் திருப்பாத."