என் கோவமும் ஹால் டிவியும்

தீவுலேர்ந்து மெயின்லேண்ட் போறப்ப, 'ஊர்ல இல்ல, அடுத்த வாரம் எழுதுங்க'ன்னு தானா பதில் போற மாதிரி மெயில்ல செட் பண்ணிட்டுப் போனேன். திரும்பி வந்தும் அது போய்க்கிட்டே இருக்கு. பாராடாங் சுத்திப் பாக்க என் வாடகை வண்டியைக் கேட்டவங்கல்லாம் வேற வண்டி பிடிச்சுட்டாங்க. அதை நிறுத்தலாம்னு செட்டிங்ஸ் பட்டனை அமுக்கினா, எதுவும் வரல. மறுபடி அமுக்கினா 'டிங்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நெட்டைத் திட்டினேன். மவுஸை மேஜையில அடிச்சேன். புரோகிராம் எழுதினவன் வம்சத்தையே இழுத்தேன்.

ஹால்லேர்ந்து வீட்டம்மா என்னைவிட சத்தமா கத்தினா.

"அரே, சீரியல் நேரத்துல டிவி நீலமா நிக்குது! நடுவுல செட்டிங்ஸ்னு ஏதோ டப்பா வேற!"

ஓடிப்போய்ப் பாத்தேன். நான் தேடினது அங்க ஜம்முனு நிக்குது. நேத்து படம் பாக்கறதுக்காக, பெட்ரூம் லேப்டாப்லேர்ந்து ஹால் டிவிக்கு வயர் இழுத்துவிட்ட மேதாவி நான்தான்.

"எத்தனை தடவை சொன்னேன், பாத்து முடிச்சதும் கழட்டுங்கன்னு?"

வயரைப் பிடுங்கினதும் டப்பா லேப்டாப்புக்கு வந்துடுச்சு. பதிலை நிறுத்திட்டேன். கோவத்தைத்தான் நிறுத்த முடியல. திட்டறதுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். அந்த வேலையையும் வீட்டம்மா ஏற்கனவே எடுத்துக்கிட்டா.